சாக்கரின், சிறுகுறிஞ்சான், திருவாதிரைக் களி

திருவாதிரைக்கு முதல் நாள் மாலை. சிதம்பரத்தில் தேர் நிலைக்கு வந்துகொண்டிருந்த நேரம். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து உடைத்து வைத்துவிட்டு அம்மா என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த வருஷம் களிக்கு வெல்லத்துக்குப் பதிலா என்னோட மாத்திரையைப் பொடிச்சுப் போட்டுடலாமா? இனிப்புக்கு இனிப்பும் ஆச்சு, சுகரும் ஏறாது."

அம்மாவுக்கு நீரிழிவு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. காலையும் மாலையும் காப்பியில் இரண்டு இனிப்பு மாத்திரைகள் போட்டுக்கொள்கிறார். எனக்கும் "எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தமிழ் முதுகலை படித்துக் கல்லூரியில் பாடம் நடத்துபவனுக்கு இக்கேள்விக்கு விடை தெரியாதது பெருங்குற்றம் அன்று. ஆனால் வீட்டில் கேட்கப்பட்ட கேள்வி, தட்டிக்கழிக்க முடியவில்லை. அதன்பின் சில மாதங்கள் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன் என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வியில் ஒரு முரண் இருந்தது. எங்களுடையது கரும்பு விவசாயக் குடும்பம். கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் வழியில் உள்ள நெல்லிக்குப்பம் ஆலைக்குப் பதிவுக் கரும்பு போட்டுத்தான் அப்பா என்னைப் படிக்கவைத்தார். அரவைக் காலத்தில் காற்று திரும்பினால் கரும்புப்பாகின் புளித்த மணம் எங்கள் தெருவரை வரும். கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பதும், சோகை உரிப்பதும், விடியுமுன் டிராக்டரில் பாரம் ஏற்றுவதுமாகக் கழிந்த இளமை என்னுடையது. சர்க்கரையால் வாழ்ந்த வீட்டில் இன்று சர்க்கரை டப்பா அலமாரியின் மேல்தட்டில், விருந்தினருக்காக மட்டும் இருக்கிறது.

நெல்லிக்குப்பம் ஆலையின் தொடக்கத்தை 1842 என்று அந்நிறுவனத்தின் வரலாறு குறிக்கிறது. 1788இல் சென்னையில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரால் அமைந்த பாரி நிறுவனத்தின் ஆலை அது. இந்தியாவின் மிகப் பழைய நவீனச் சர்க்கரை ஆலைகளுள் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கி நிலைகொண்டதை வரலாற்றுப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். கோட்டை இடிந்தது, ஆலை நின்றது. பின்னாளில் அந்நிறுவனத்துக்கு வந்த பெயர் 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு சுகர் ஃபேக்டரீஸ்'. பெயரில் சாராயம் முன்னே, சர்க்கரை பின்னே நிற்பதைக் கவனியுங்கள்.

ஆலை வருவதற்கு முன் நம்மிடம் இனிப்பு இல்லாமல் இல்லை. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்ததாக ஔவையார் பாடியிருப்பதைப் புறநானூறு படித்தவர்கள் அறிவர். கரும்பாலைப் புகையில் வயலோரத்து நெய்தல் பூக்கள் வாடுவதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அந்தக் காவிரிப்பூம்பட்டினம் சிதம்பரத்துக்குத் தெற்கே, பேருந்தில் ஒரு மணி நேரச் சொச்சத் தொலைவுதான். ஆனால் வெல்லமும் கருப்பட்டியும் நாளுக்கு நாலு வேளை உண்ணும் பொருளாக இருந்ததில்லை. பண்டிகைக்கும் பிரசாதத்துக்கும் விருந்தினர் வருகைக்கும் உரியவை அவை. வெள்ளைச் சர்க்கரை காப்பியோடும் தேநீரோடும் சேர்ந்து அன்றாடம் ஆனது மிக அண்மைக்காலச் செய்தி. எங்கள் பாட்டி கடைசிவரை அதை 'அஸ்கா' என்றே சொல்லிவந்தார். பழைய சென்னை மாகாணத்தின் வட எல்லையில், கஞ்சம் மாவட்டத்தில் இருந்த அஸ்கா என்னும் ஊரின் ஆலைச் சர்க்கரை, ஊர்ப்பெயரையே பொருட்பெயராக்கிக்கொண்டு தெற்கே வந்துவிட்டது. சீனத்திலிருந்து வந்தது என்று நினைத்துச் 'சீனி' என்றோம். 'சர்க்கரை'யோ சரளைக்கல் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. அச்சொல்தான் கிரேக்கம் வழியாக இலத்தீனுக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த ஒரு வெள்ளைப் பொடிக்குப் பெயராகித் திரும்பிவந்தது: சாக்கரின்.

1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், இரா ரெம்சன் என்னும் பேராசிரியரின் ஆய்வகத்தில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்பவர் தாரிலிருந்து கிடைக்கும் சேர்மங்களைக் கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். இரவு உணவின்போது ரொட்டி அளவுக்கு மீறி இனித்தது. கையைச் சரியாகக் கழுவவில்லை என்பது புரிந்ததும் ஆய்வகத்துக்கு ஓடிப்போய் அங்கிருந்த குவளைகளை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தாராம். (இன்றைய ஆய்வு மாணவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.) சர்க்கரையைப் போல 300 மடங்குக்கு மேல் இனிப்பு. ஃபால்பெர்க் தன் பெயரில் காப்புரிமை பெற்றுக்கொண்டார். ரெம்சனுக்கு அந்தக் கசப்பு கடைசிவரை தீரவில்லை. நீரிழிவு நோயாளிகளுக்கு இதைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கு உடனே தோன்றிவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாக்கரின் அறிமுகமானது மருந்துக்கடையில் அன்று, பள்ளிக்கூட வாசலில். "அந்தக் குச்சி ஐஸில் சாக்கரின் போட்டிருப்பான், வாங்காதே" என்ற எச்சரிக்கையைக் கேளாமல் வளர்ந்தவர் என் தலைமுறையில் குறைவு. அது என்ன பொருள் என்று சொன்னவருக்கும் தெரியாது, கேட்ட எங்களுக்கும் தெரியாது. ஐஸ் தீர்ந்தபின் நாக்கின் அடியில் நெடுநேரம் தங்கும் ஒரு கசப்பு மட்டும் தெரியும்.

இதே காலத்தில் நம் பக்கத்தில் நிகழ்ந்த இன்னொரு கண்டுபிடிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சற்று நேரத்துக்கு இனிப்பு தெரியாது என்பதை நாட்டு வைத்தியர் அறிவர். 'சர்க்கரைக்கொல்லி' என்பதும் அதற்கொரு பெயர். உதகமண்டலத்தில் அரசின் குயினா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887இல் அவ்விலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் அமிலப் பொருளைப் பிரித்தெடுத்து எழுதினார். இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வது போலிருக்கும். நானும் நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். அன்று மாலைவரை எனக்கு எதுவும் ருசிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் 'சர்க்கரை' என்றால் சரளைக்கல் என்பதற்கு இதைவிட நல்ல அகராதி விளக்கம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஆக, எட்டாண்டு இடைவெளியில் இரண்டு பொருள்கள். ஒன்று, சர்க்கரை இல்லாமல் இனிப்பைத் தருவது. மற்றொன்று, சர்க்கரை இருக்கும்போதே இனிப்பை எடுத்துவிடுவது. நாக்கு அறியும் இனிப்பும் இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையும் வெவ்வேறு என்பதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டிவிட்டன. அப்படியானால் உடல் எதற்கு மறுமொழி சொல்கிறது, நாவுக்கா, இரத்தத்துக்கா? அம்மாவின் கேள்வி உண்மையில் இதுதான்.

இதைச் சோதிக்க அப்போது வழியில்லை. இன்சுலின் என்ற ஒன்றே தெரியாது. 1921இல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் அதைக் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தனர்; 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதன்பிறகும் இரத்தத்தில் எவ்வளவு இன்சுலின் இருக்கிறது என்று அளக்க இயலவில்லை. 1960 அளவில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தைக் கொண்டு அளக்கும் முறையை உருவாக்கினர். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். ஃபால்பெர்க்கின் இரவு உணவிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 80 ஆண்டுகள், இனிப்பூட்டி உண்டவரின் உடலில் இன்சுலின் என்ன செய்கிறது என்பதைப் பாராமலேயே உலகம் அதை உண்டிருக்கிறது.

இன்சுலின் சுரக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணையத்தில் திட்டுத்திட்டாக உள்ள பீட்டா செல்கள் இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்வாங்கி எரிக்கின்றன. அந்த எரிதலில் கிடைக்கும் ஆற்றலே செல்லின் கதவுகளில் சிலவற்றை மூடிச் சிலவற்றைத் திறந்து, சேமித்து வைத்த இன்சுலினை வெளியேற்றுகிறது. அந்த செல் ருசி பார்ப்பதில்லை, எரிக்கிறது. எரிக்க ஒன்றும் இல்லையென்றால் பெரிய அளவில் ஒன்றும் நடவாது. சாக்கரின் மாற்றமின்றிச் சிறுநீரில் போய்விடுகிறது. சுக்ரலோஸ் பெரும்பாலும் குடலால் ஈர்க்கப்படாமலே வெளியேறுகிறது. அஸ்பார்டேம் செரித்துச் சில அமினோ அமிலங்களாகவும் சிறிது மெத்தனாலாகவும் பிரிகிறது. மாத்திரையில் உள்ளது மில்லிகிராம் கணக்கு. ஆதலால் வெறும் காப்பியில் போட்ட மாத்திரை இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. அம்மாவின் நம்பிக்கையில் பாதி சரி.

மறுபாதிதான் சிக்கல். உணவு வாய்க்கு வந்த உடனே, சர்க்கரை இரத்தத்தை எட்டுமுன்னரே, நரம்பின் வழியாகக் கணையத்துக்கு ஒரு முன்னறிவிப்பு போகிறது. பாவ்லோவின் நாய்களுக்கு எச்சில் ஊறிய கதையின் இன்சுலின் வடிவம் இது. இனிப்பூட்டியை வாயில் கொப்பளித்து உமிழச் செய்த சோதனைகள் சிலவற்றில் சிறு உயர்வு தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. தெரிந்ததும் சில நிமிடங்களுக்கே. பின்னர், நாவில் உள்ளது போன்ற இனிப்பு ஏற்பிகள் குடலிலும் உள்ளன என்று 2007இல் தெரியவந்தபோது பரபரப்பு எழுந்தது. ஆனால் 2009இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆரோக்கியமானவர்களின் இரைப்பையில் நேரடியாகச் சுக்ரலோஸைச் செலுத்திப் பார்த்தபோது இன்சுலின் அசையவில்லை.

சுக்ரலோஸ் என்றதும் ஒரு சிறு கதை. அதன் இனிப்பைக் கண்டவர் நம் நாட்டவர். 1976இல் லண்டனில் லெஸ்லி ஹஃப் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த சசிகாந்த் பட்னிஸிடம், குளோரின் ஏற்றிய சர்க்கரைச் சேர்மம் ஒன்றை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார்கள். அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழ, எடுத்து நாவில் வைத்துவிட்டார். சர்க்கரையைப் போல 600 மடங்கு இனிப்பு. சாக்கரின் கழுவாத கையால், அஸ்பார்டேம் 1965இல் தாளைப் புரட்ட விரலை நக்கியதால், இது ஒரு செவிப்பிழையால் என்று மூன்று இனிப்பூட்டிகளும் தவறுதலாகவே பிறந்தவை.

2013இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், மிகுந்த உடற்பருமன் கொண்ட 17 பேருக்குக் குளுக்கோஸ் கரைசல் தருவதற்குச் சற்று முன்பாக ஒருநாள் தண்ணீரும் ஒருநாள் சுக்ரலோஸ் நீரும் கொடுத்துப் பார்த்தார்கள். சுக்ரலோஸ் அருந்திய நாளில் இன்சுலின் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகச் சுரந்தது. 2020இல் யேல் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சுக்ரலோஸ் பானத்தை மட்டும் சில நாட்களில் 7 முறை அருந்தியவர்களுக்கு மாற்றமில்லை; அதே பானத்தில் மாவுச்சர்க்கரையையும் கலந்து அருந்தியவர்களுக்கு இன்சுலினின் செயல்திறன் குறைந்திருந்தது. தனியாக வந்தால் சாதுவாக இருக்கும் ஒன்று, மாவுப்பொருளோடு சேர்ந்து வரும்போது வேறு முகம் காட்டுகிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2022இல் 120 பேரிடம் செய்த ஆய்வு இதைக் குடல் நுண்ணுயிர்களின் பக்கம் திருப்பியது. இரு வாரங்கள் சாக்கரினும் சுக்ரலோஸும் உண்டவர்களுக்குக் குளுக்கோஸைத் தாங்கும் திறன் குறைந்தது. அதுவும் எல்லோருக்கும் ஒன்றுபோல் அன்று, அவரவர் குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பொறுத்து.

இவற்றைப் படித்ததும் அம்மாவின் மாத்திரை டப்பாவைத் தூக்கி எறிந்துவிட நினைத்தேன். நல்லவேளை, எறியவில்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு நம் வீட்டுப் பழக்கத்தையே சோதித்திருந்தது. நீரிழிவு உள்ள 179 பேர், 12 வாரங்கள். ஒரு பிரிவினர் காப்பி, தேநீரில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்த்துக்கொண்டனர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. எடையும் இடுப்பளவும் மிகச் சிறிதளவு குறைந்தன. தீமை இல்லை, பெரிய நன்மையும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில், உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று வழிகாட்டியது. ஆனால் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அவ்வழிகாட்டல் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னது. இந்த இரண்டாம் பகுதியை நம் செய்தித்தாள்கள் பல விழுங்கிவிட்டன.

காப்பிச் சர்க்கரையை அகற்றியும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்பதுதான் என்னை யோசிக்கவைத்தது. அதே அறக்கட்டளை முன்பு சென்னை நகரத்தாரிடம் நடத்திய ஆய்வில், அவர்கள் உண்ணும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதாவது முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து வருவதாகத் தெரிந்தது. ஒரு தட்டுச் சோறு செரித்து முடிகையில் இரத்தத்தில் கலப்பது குளுக்கோஸே. அது இனிக்காது, ஆனால் பீட்டா செல்லுக்கு ருசி தெரியாது என்று முன்பே சொன்னேன். 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு, கடலூருக்கு அடுத்த வீடான புதுச்சேரியில் 26.3.

இங்கே ஒரு தமிழாசிரியனின் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். 'நீரிழிவு' என்பது நல்ல சொல். நீர் இழிந்து போதலாகிய நோயின் தோற்றத்தைச் சொல்கிறது; கிரேக்கப் பெயரும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. அதை விட்டுவிட்டுச் 'சர்க்கரை வியாதி' என்றோம். பிறகு வியாதியையும் விட்டுவிட்டு "எனக்குச் சுகர் இருக்கு" என்றோம். நோய்க்குச் சர்க்கரை என்று பெயர் வைத்தபின், சர்க்கரையை நிறுத்தினால் நோய் நின்றுவிடும் என்று எண்ணுவது இயல்புதானே? காப்பியில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதனோடு ஆறு இட்லி சாப்பிடும் பெரியவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். "சர்க்கரையைத் தொட்டே பத்து வருஷமாச்சு" என்று பெருமையாகச் சொல்வார். தொடவில்லை என்பது உண்மை. மூன்று வேளையும் சோறு உண்டார். கால் புண் ஆறாமல் படுத்தபோதும் அவருக்குக் காரணம் விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை. மாத்திரை அவருக்குத் தீங்கு செய்யவில்லை. 'விட்டுவிட்டோம்' என்ற நிம்மதியைத் தந்தது. அந்த நிம்மதிக்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம்.

அப்பா போட்ட கரும்பு 671. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். கோயம்புத்தூர், கடலூர் இரண்டையும் குறிக்கும் முன்னெழுத்துகளோடு அதற்குப் பெயர். சாற்றில் சர்க்கரைச் சத்து மிகுதி என்பதற்காகவே மகாராட்டிரம், குஜராத் வரை போய்ப் புகழ்பெற்றது. அதே கடலூர் மாவட்டத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு கொடுத்து, அவற்றின் இரத்தச் சர்க்கரை குறைந்ததாக 2002இல் எழுதினர். எலிக்கு ஆனது மனிதருக்கும் ஆகும் என்று கொள்ளலாகாது. சிறுகுறிஞ்சான் சாற்றை 1990 அளவில் சென்னையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் 27 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. ஊசியின் அளவு குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் எண்ணிக்கை சிறிது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பொடியை நம்பி எவரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இனி, களி. சேந்தனார் வீட்டுக் களியைத் தில்லைக் கூத்தன் உவந்து ஏற்ற கதை இவ்வூரில் குழந்தைக்கும் தெரியும். விறகு விற்றுப் பிழைத்தவர், வேறொன்றும் இல்லாத நாளில் படைத்தது. அம்மாவிடம் நான் சொன்ன விடை இது: "மாத்திரையைப் பொடிச்சுப் போடலாம்மா. ஆனா அடுப்புல கொதிச்சா அஸ்பார்டேம் இனிப்பு போயிடும். அடுப்பைத் தாங்குற வேற பொடி இருக்கு, அதைப் போட்டாலும் பாகு வராது, களி களியா இருக்காது. எல்லாத்துக்கும் மேல, அரிசி அப்படியே இருக்கே. சுகர் அதுலயே ஏறிடும்."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ உங்கப்பா சோத்தைக் கொறச்சிருக்கணுமா?" என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை.

மறுநாள் வழக்கம்போல் வெல்லப் பாகில்தான் களி கிண்டினார். நெய்யும் தேங்காயும் ஏலமும் சேர்ந்த மணம். பக்கத்தில் எழுகறிக் கூட்டு. நடராசருக்குப் படைத்தபின் தன் தட்டில் ஒரு கரண்டிக் களியும் கிண்ணம் நிறையக் கூட்டும் வைத்துக்கொண்டார். மதியச் சோற்றை வடிக்கவே இல்லை. மாலையில் காப்பி கலந்தபோது டப்பாவைத் திறந்து இரண்டு மாத்திரைகள் எடுத்தவர், ஒன்றைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு, "ஒண்ணு போதும்" என்றார்.